மாடியிலிருந்து பார்த்த தண்ணீர்

உங்கள் டெமோவை ஆடிப் பார்த்த ஒருவர் எழுந்து நின்று "கிராஃபிக்ஸ் சூப்பர்" என்று சொன்னால், சிரித்த முகத்தோடு நன்றி சொல்லுங்கள். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கவலைப்பட ஆரம்பியுங்கள். வீடியோ கேம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றுதான். இதற்கு இத்தனை பக்கமா என்று கேட்பீர்கள். வெறுமனே சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். என்னிடம் சொன்னவர்களுக்கும் நான் அழகாகத் தலையாட்டியவள்தான்.

நான் டெஸ்டிங் பிரிவின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர்கள் ஆசை ஆசையாகச் செய்ததை உட்கார்ந்து உடைத்துப் பார்ப்பதுதான் என் சம்பள வேலை. அதனால் அலுவலகத்தில் எனக்கு நண்பர்கள் குறைவு. இனிமேல் யாரும் என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டூடியோ அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு பழைய ஷெட்டில் இருந்தது. முதலாளியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்தில் விவசாயம் பார்த்தது. நிலம் ஷெட்டாகி, ஷெட் வாடகைக்குப் போய், கடைசியில் கணினிகள் வந்து உட்கார்ந்தன. ரொம்ப வருடங்கள் நாங்கள் வெளி வேலைதான் செய்தோம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் கேம்களுக்கு மரம், சுவர், கார், கல் எல்லாம் வரைந்து அனுப்புவோம். எங்கள் பெயர் எங்கும் வராது.

அந்த வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. வாரக் கடைசியில் செய்து முடித்ததைப் பெரிய திரையில் போட்டு, படத்தை நிறுத்தி, எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம். நிழல் சரியில்லை, இலை ஓரம் பிசிறுகிறது, கல் பிளாஸ்டிக் போல மின்னுகிறது என்று ஆளுக்கொன்று சொல்வோம். நிறுத்திய படத்தில் குறை கண்டுபிடிப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தமாக ஒரு கேம் செய்யலாம் என்று முதலாளி முடிவு செய்தபோதும் அதையே செய்தோம். ஓட வேண்டிய கேமை வாராவாரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அது தப்பான பழக்கம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேம் வெள்ளத்தைப் பற்றியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளத்தை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏரி நிரம்பி வழிகிறது, தெருவுக்குள் தண்ணீர் வருகிறது, கீழ்வீட்டில் நீங்களும் உங்கள் அக்காளின் சின்ன மகளும் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டு மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். டெமோ அவ்வளவுதான், ஒரே ஒரு தெருவைக் கடப்பது.

தண்ணீரைச் செய்தவன் தணிகா. தணிகாசலம் என்பது முழுப்பெயர். எங்கள் ஓவியப் பிரிவின் தலைவன், பருத்திப்பட்டுக்காரன், கோபக்காரன், கெட்டிக்காரன். அவன் தெருவிலும் ஒருமுறை வெள்ளம் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"ராத்திரி பூரா மாடில கெடந்தோம்க்கா. பயந்துகினுதான் கெடந்தோம். ஆனா விடிஞ்சதும் எழுந்து பாத்தா, தெருவே ஏரியாட்டம் கீது. வெயிலு பட்டு அப்டியே தங்கம் மாரி. அம்மாம் அழகு. அத்த அப்டியே போட்ணும்க்கா."

போட்டான். பல மாதம் உட்கார்ந்து போட்டான். காலை வெயில், சுவரில் ஆடும் ஒளி, மிதக்கும் செருப்பைச் சுற்றி விரியும் வளையம், தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மின்கம்பம். நிறுத்திப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். அந்தப் படங்களைத்தான் முதலாளி பெங்களூருக்கு அனுப்பினார். கேம்களுக்குப் பணம் போட்டு வெளியிடும் ஒரு கம்பெனி அங்கே இருந்தது. படங்களைப் பார்த்துவிட்டு நேரில் வந்து ஆடிப் பார்க்கிறோம் என்று சொன்னார்கள். வெளி வேலை அதற்குள் வற்றிப்போயிருந்தது. இவர்கள் சரி என்றால் கேம் பிழைக்கும். வேண்டாம் என்றால் ஷெட்டைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முதலாளி எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. தணிகாவின் தண்ணீர் கனம். எங்கள் டெஸ்டிங் பிரிவின் பழைய கணினிகளில் அது ஓடாது. அதனால் எங்களுக்காகப் புரோகிராமர் தனியாக ஒரு பதிப்பு செய்து கொடுத்திருந்தார். அதில் தண்ணீர் வெறும் பழுப்பு. வானம் சாம்பல். அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் தண்ணீர் இலேசாக இருந்ததால் மிச்சம் இருந்த சக்தியை எல்லாம் அவர் நடையில் போட்டிருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் கால் கனக்கும். அடியில் கல் இடித்தால் கையிலுள்ள கன்ட்ரோலர் அதிரும். குழந்தை காதருகில் மூச்சு விடுவது ஹெட்ஃபோனில் கேட்கும். தணிகாவின் பதிப்புக்கு அலுவலகத்தில் "கண்ணாடி" என்று பெயர். எங்களுடையதற்கு "சேறு". வேடிக்கையாக வைத்த பெயர்கள்.

இப்போது புதுக் கண் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் இதைக் கடைப்பிடிக்கிறீர்களா தெரியாது. ஒரு கேமை ஒரு ஆள் முதல்முறையாக ஆடுவது ஒரே ஒரு முறைதான். இரண்டாம் முறை உட்காரும்போது அவருக்கு வழி தெரியும், பயம் போயிருக்கும், கண் பழையதாகிவிட்டிருக்கும். அதனால் கேமைப் பார்க்காத ஆட்களை நாங்கள் சேமித்து வைப்போம். வீட்டில் கேமைப் பற்றிப் பேசக் கூடாது. மாமா மகன், எதிர்வீட்டு அக்கா, பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுபவர் எல்லோரும் எங்கள் கையிருப்பு. ஆனால் இந்தக் கேம் அரைகுறையாக இருந்தபோதே அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் செலவழித்துத் தீர்த்திருந்தோம். கல்யாண வீட்டில் பாயசத்தை முதல் பந்தியிலேயே தீர்த்துவிட்ட கதை.

ஒருத்தியை மட்டும் யாரும் தொடவில்லை. தணிகாவின் மனைவி வெண்ணிலா. வானகரத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்த்தாள். அவளை அவன் அலுவலக வாசலுக்குள் விட்டதே இல்லை. கேம் முழுவதும் முடிந்து வெளியாகும் நாளில் முதல் ஆளாக அவள் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. அவளுக்குக்கூட அதை அவன் சொல்லியிருக்கவில்லை. அவன் தனக்கு எதையும் காட்டுவதில்லை என்று அவள் கோபமாக இருந்தாள்.

அடுத்த வாரம் வருவதாக இருந்த பெங்களூர்க்காரர்கள் திடீரென்று வருகையை முன்னால் இழுத்துவிட்டார்கள். விடியற்காலையில் போன் வந்தது, காரில் கிளம்பிவிட்டோம், மதியம் சென்னையில் விமானத்தைப் பிடிக்க வேண்டும், வந்ததும் ஆடிப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று. அன்றைக்குப் பார்த்து எஸ்டேட்டில் மின் பராமரிப்பு. பக்கத்து ஷெட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எங்கள் ஜெனரேட்டர் சத்தத்தைத் தவிர எஸ்டேட்டில் ஒரு சத்தம் இல்லை.

கண்ணாடி தயாராக இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள், நிறுத்தி. எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் எதுவோ சரியில்லை என்று பட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நான் அந்தத் தெருவை அத்தனை முறை கடந்திருந்தேன். என் கண்ணை நானே நம்ப முடியாத நிலை. கண்ணாடி நல்லதா சேறு நல்லதா என்று என்னைக் கேட்டிருந்தால், சத்தியமாகத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஷெட்டில் இருந்த எல்லோரும் அதே நிலையில்தான் இருந்தோம், மற்றவர்களுக்கு அது தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவசரத்தில் தணிகா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த சாப்பாட்டுப் பையை வெண்ணிலா கொண்டுவந்திருந்தாள். வேலைக்குப் போகும் வழியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வழக்கம்போல உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

தணிகாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்து என் முன்னால் நின்றான். "யக்கா, வேணாங்க்கா. இவ கண்ண நான் கடசிக்குன்னு வச்சிகினு கீறேன். உனுக்குத் தெரியும்ல?"

"தெரியும். வேற கண்ணு எங்க இருக்கு? நீ காட்டு, நான் விட்டுடறேன்."

"கண்ணு எதுக்கு? அதான் எல்லாம் பாத்தாச்சே!"

முதலாளி நடுவில் வந்தார். "இன்னா மேடம், கார் வந்துகினே இருக்குது, இப்போ போயி டெஸ்டிங்குன்றீங்க?"

"சார், வர்றவங்க முதல் தடவையா ஆடப்போறாங்க. முதல் தடவை ஆடுறவங்களுக்கு எப்படி இருக்கும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும்."

அவர் தணிகாவைப் பார்த்தார். தணிகா கையை உதறிக்கொண்டு நகர்ந்தான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் முதல் முடிவு. ஒரு கண், இரண்டு பதிப்பு. எதை அவளிடம் கொடுப்பது? யோசிக்க எனக்குக் கிடைத்தது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் நேரம்தான். கண்ணாடியையே கொடுத்தேன். எல்லோரும் காட்ட நினைப்பது அதைத்தான். அவள் அதற்குள் போய்விட்டால் சண்டைக்கே இடமில்லை, நானும் ஒரு சோடா குடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். அவள் போகவில்லை என்றால் முழுதாக ஆன பிறகு ஒரு புதுக் கண்கூடப் பார்த்திராத சேறு மட்டும் எங்கள் கையில் மிஞ்சும். அந்த ஆபத்து தெரிந்துதான் கொடுத்தேன்.

ஒருவர் ஆடும்போது திரையைப் பார்க்காதீர்கள். திரையில் என்ன வரும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. ஆடுபவரைப் பாருங்கள். நான் பக்கவாட்டில் நின்று வெண்ணிலாவின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தணிகா அவள் பின்னால் நின்றான். அவனும் அவளைத்தான் பார்த்தான்.

நன்றாக நிமிர்ந்து, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்ட்ரோலரை விரல் நுனியில் பிடித்திருந்தாள். தெருவில் இறங்கியதும் கண் விரிந்தது. "ஐயே, எம்மாம் அழகா கீது! யோவ், நீயா பண்ண?" என்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பாதித் தெருவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மின்கம்பத்தின் நிழலைக் காட்டி ஏதோ கேட்டாள். கேமில் அப்போது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது, தோளில் குழந்தை இருந்தது. அவளுடைய போன் டிங் என்றது. ஒரு கையால் எடுத்துப் பார்த்து, அலுவலகத்துக்கு வரத் தாமதமாகும் என்று நிதானமாகப் பதில் எழுதி அனுப்பினாள். பிறகு மெல்ல நடந்து எதிர்வீட்டை அடைந்தாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "கிராஃபிக்ஸ் சூப்பரா கீதுப்பா. நெஜம்மாவே சூப்பர்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். முதலாளி என்னைப் பார்த்து, போதுமா என்பதுபோலத் தலையசைத்தார்.

"வெண்ணிலா, பாப்பா எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"எந்தப் பாப்பா? ஆங், தோள்ல இருந்துச்சே, அத்த சொல்றியாக்கா? அதுவும் நல்லாத்தான் கீது."

நான் முதலாளியிடம் திரும்பினேன். "சார், கண்ணாடி வேண்டாம். சேத்தப் போடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மீட்டிங் என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். முதலாளியின் கேள்வி நியாயமானது. அவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள். "அனுப்புனது ஒண்ணு, காட்றது ஒண்ணா? ஏமாத்துக்காரன்னு சொல்ல மாட்டாங்களா மேடம்?" இரண்டையும் கலந்து போடலாமா என்று யாரோ கேட்டார்கள். இருக்கிற நேரத்தில் கலந்தால் இரண்டுமே ஓடாது என்று புரோகிராமர் கையை விரித்தார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாமே என்றார் முதலாளி. கண்ணாடியை முதலில் காட்டினால் சேறு பிச்சைக்காரனாகத் தெரியும். சேற்றை முதலில் காட்டினால் தெருவைக் கடந்த பயம் தீர்ந்துபோய்க் கண்ணாடி வெறும் படமாகிவிடும். ஒன்றுதான் காட்ட முடியும்.

வெண்ணிலா பயந்துபோய் ஓரமாக நின்றாள். "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? நல்லா கீதுன்னுதானே சொன்னேன்?"

"நீ ஒண்ணும் தப்பா சொல்லலம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? பாவம், வாய் நிறையப் பாராட்டியவளிடம் உன் பாராட்டுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

முதலாளியின் போன் அடித்தது. நசரத்பேட்டையைத் தாண்டிவிட்டார்களாம்.

தணிகா என்னிடம் வந்தான். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் போட்ட தண்ணிய மூடி வச்சிட்டு அந்தச் சேத்தக் காட்டுவியாக்கா? அதுல இன்னா கீது? ஒரு மயிரும் இல்ல."

"ஒண்ணும் இல்லடா. அதான். நின்னு பாக்க ஒண்ணும் இல்லாததால நடக்கத்தான் முடியும். நீ போட்டது மாடியில இருந்து பாத்த தண்ணி. கேமுல ஆடுறவன் தெருவுல நிக்கிறான். அவனுக்கு அது தங்கமாவா தெரியும்? கால் எங்க வைக்கிறோம்னுதானே பாப்பான்?"

"இவ நல்லா கீதுன்னு சொன்னாளே! உன் காதுல உழலயா?"

"சொன்னா. உன் பொண்டாட்டி ஊட்ல சீரியல் பாக்கும்போது போன் வந்தா எடுப்பாளா?"

அவன் திரும்பி வெண்ணிலாவைப் பார்த்தான். சீரியல் ஓடும்போது அடுப்பில் குக்கர் கத்தினாலும் அவள் காதில் விழாது என்று அவனே எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் போனை எடுத்ததை நான் மட்டும் பார்க்கவில்லை, அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முகம் மலர்ந்திருந்த அந்த நிமிடத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

வெளியே போய் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றான். நான் போகவில்லை. முதலாளி கையில் போனை வைத்துக்கொண்டு என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய நிலத்தின் மேல் நின்றுகொண்டிருந்த கடைசிப் பயிர் அந்தக் கேம். "மேடம், நெஜமா சொல்லுங்க. சேறு அவங்ககிட்ட ஓடும்ன்றீங்களா?"

"தெரியாது சார். கண்ணாடி ஓடாதுன்னு மட்டும் தெரியும்."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு முதலாளி என்ன செய்வார்? என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. மறுபடி போன் அடித்தது. வானகரத்தில் திரும்புகிறார்கள்.

தணிகா உள்ளே வந்தான். யாரிடமும் பேசாமல் டெமோ கணினியின் முன் உட்கார்ந்தான். கண்ணாடியை மூடினான். சேற்றைத் திறந்தான். ஹெட்ஃபோனைத் துடைத்து வைத்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டான்.

"யக்கா, இது ஓடலன்னா?"

"ஓடலன்னா எல்லாரும் ஊட்டுக்குப் போறோம்."

"ஓடிச்சின்னா?"

தோற்றால் என்ன ஆகும் என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

இரண்டு பேர் வந்தார்கள். ஒரு நடுவயது அம்மாள், தமிழ் பேசுபவர். கூட ஒரு இளைஞர், ஆங்கிலம்தான். காபி வேண்டாம், நேரமில்லை என்றார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினார்.

சாம்பல் வானம். பழுப்புத் தண்ணீர். இளைஞர் குனிந்து திரையைப் பார்த்தார், கையிலிருந்த டேப்லெட்டில் எங்கள் படங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கிராஃபிக்ஸ் அனுப்பிய மாதிரி இல்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளி ஏதோ விளக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். முதலாளியின் கையைப் பிடித்தது அந்த ஒருமுறைதான்.

அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. நிறுத்திச் சுற்றிப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களின் முகம் ஒவ்வொன்றாகத் தொங்கியது. தோற்றுவிட்டோம் என்று அவர்களுக்குத் தோன்றியது. இளைஞர் மறுபடி அந்த அம்மாளின் தோளருகே குனிந்து ஏதோ கேட்டார். அவர் திரும்பவில்லை. கேட்கவே இல்லை போலிருந்தது.

நான் அவர் உடம்பைப் பார்த்தேன். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்திருந்தார். தண்ணீருக்கடியில் எதுவோ இடித்துக் கன்ட்ரோலர் அதிர்ந்தபோது "அய்யோ" என்று முணுமுணுத்தார். தண்ணீர் மார்புக்கு ஏறியது. அப்போதுதான் கவனித்தேன், இடது தோளை நன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமில் குழந்தை இருப்பது இடது தோளில். தணிகாவைத் தேடினேன். அவனும் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு கேட்டில் டெமோ முடியும். கேட் பூட்டியிருக்கும், கை தட்டும், திரை இருண்டுவிடும். இருண்டது. அவர் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கழற்றினார்.

"அந்தக் குழந்தை? கேட்டைத் திறந்தாங்களா இல்லையா?"

இன்னும் செய்யவில்லை மேடம், இனிமேல்தான் என்றார் முதலாளி.

"சீக்கிரம் செய்யுங்க" என்றார் அந்த அம்மாள். வெளியே போய்ச் சிறிது நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார். கேமை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னார். யாரோ விசில் அடித்தார்கள். புரோகிராமர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இளைஞர் டேப்லெட்டைக் காட்டிப் பேசினார். நடை, சத்தம், கதை எல்லாம் இங்கேயே இருக்கட்டும். படங்களை எல்லாம் பெங்களூரில் அவர்களுடைய ஆட்களே செய்துகொள்வார்கள், அதற்கென்றே பெரிய பிரிவு இருக்கிறது. இங்கே ஓவியப் பிரிவு தேவைப்படாது. "இந்தத் தண்ணி யார் பண்ணினது? ரொம்ப நல்லாருக்கு" என்று அந்த அம்மாள் டேப்லெட்டைப் பார்த்துச் சொன்னார். உண்மையான பாராட்டுதான். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருந்தது. முதலாளி அவகாசம் கேட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். விமானத்துக்கு நேரமாகிறது என்றார்கள். அவர் தணிகா நின்ற பக்கம் திரும்பாமலே சரி என்று சொன்னார்.

எனக்கு அந்த இளைஞரை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் என்ன செய்வார், அவர் வேலை அது. அன்றைக்கு நான் எடுத்த முடிவு சரியானது. இன்றைக்கு அதே நிலைமையில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸா, உள்ளே இழுப்பதா என்று நீங்களும் ஒருநாள் தராசு பிடிப்பீர்கள். தராசின் இரண்டு தட்டிலும் இருப்பது யாரோ ஒருவருடைய வேலை, ஒருவருடைய பல மாதத்து உழைப்பு. சரியாக எடை போட்டாலும் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டியிருக்கும். கண்ணாடியைக் காட்டியிருந்தால் தணிகாவுக்கு வேலை பிழைத்திருக்குமா, இல்லை எல்லோரும் சேர்ந்து போயிருப்போமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைக் கேட்டு முடிவெடுக்கப் பயப்படாதீர்கள். முடிவெடுத்துவிட்டு ஜம்பம் அடிக்காமல் இருந்தால் போதும்.

கார் போன பிறகு தணிகாவின் பின்னாலேயே வாசலுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். வெண்ணிலா வேலைக்குப் போகாமல் ஸ்கூட்டர் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா சொன்னாங்கோ?"

"ஓகே ஆயிட்ச்சி. கேம எட்த்துக்கினாங்கோ."

"அப்போ உன் தண்ணிய?"

"அத்த அவங்களுக்குப் போட்டுக் காட்டல. இனிமே யாருக்கும் காட்ட மாட்டாங்கோ. வேற ஆளு வேற தண்ணி போடுவான்."

அவள் ஷெட் பக்கம் பார்த்தாள். பிறகு அவனிடம் கேட்டாள். "அம்மாம் நாளு ஒக்காந்து பண்ணியே. அதுக்குள்ள நடந்து பாத்தது யாருதான்?"

"நீ பாத்தல்ல" என்றான் தணிகா.

அவள் வண்டிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.